டப்பாவுக்குள் இருக்கும் கரண்டி

மேசைமேல் எடைக் குறைப்பு ஷேக் டப்பாவை வைக்கும் சத்தத்திலேயே உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கோவையில் 25 ஆண்டுகளாக உணவு ஆலோசனை சொல்லிவரும் அந்தப் பெண்மணியிடம் முழு டப்பாவோடு யாரும் வந்ததில்லை. புது டப்பா வாங்கியவருக்கு ஆலோசனை எதற்கு, நம்பிக்கையே போதுமே. முக்கால் டப்பா, அரை டப்பாவோடுதான் வருவார்கள். மூடியைத் திறந்தால் பொடிக்குள் பாதி புதைந்து ஒரு பிளாஸ்டிக் கரண்டி கிடக்கும். அதைத் தட்டி வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் 42 வயதுக்காரர் ஒருவர் அப்படித்தான் வந்தார். "ரெண்டு மாசமா ஷேக் குடிக்கறனுங்க மேடம். மூணு கிலோ ஏறியிருக்குது. டூப்ளிகேட் பவுடரா இருக்குமுங்களா?" என்று கேட்டார்.

பவுடர் அசல்தான். எப்படிக் கலக்குகிறீர்கள் என்று விசாரித்தார் ஆலோசகர். காலை ஆறரைக்கு ஆவின் பச்சைப் பாக்கெட் பால் 300 மில்லி, இரண்டு கரண்டி பவுடர், ஒரு வாழைப்பழம், நாலு பேரீச்சம்பழம், "டேஸ்ட்டுக்கு" ஒரு கரண்டி தேன். பால் மட்டும் 215 கலோரி. எல்லாம் சேர்த்து 550ஐத் தொட்டது. சரி, ஒன்பது மணிக்கு என்ன செய்வீர்கள்?

"ஒன்பது மணிக்கு டிபனுங்க. நாலு இட்லி."

மனிதர் எதையும் குறைக்கவில்லை. இருந்த மூன்று வேளையோடு நாலாவதாக ஒரு வேளையைச் சேர்த்திருந்தார், அவ்வளவுதான். அன்று முதல் ஆலோசகரின் நோயாளிப் படிவத்தில் பெயர், வயதுக்கு அடுத்த வரியாக ஒரு கேள்வி அச்சாகியிருக்கிறது: பதிலுக்கா, கூடவா? ஷேக் குடிப்பது சாப்பாட்டுக்குப் பதிலா, சாப்பாட்டோடு கூடவா? இத்தனை வருடத்தில் பாதிப் பேருக்குமேல் இந்த ஒரு கேள்வியிலேயே முகம் மாறியதைப் பார்த்திருக்கிறார்.

எடை குறைய ஷேக் உதவுமா என்று கேட்டால், ஆமாம் என்றோ இல்லை என்றோ அவர் ஒரே வார்த்தையில் சொல்வதில்லை. கரண்டியைக் காட்டுவார். "இந்த டப்பாவுல உங்க காசுக்கு மதிப்பான பொருள் இதுதான்" என்பார். வேடிக்கையாகச் சொல்வதுபோல் தோன்றும். அவருக்கு அது தொழில் தொடங்கிய நாள் முதல் கண்ட உண்மை.

1999இல் ஒரு தனியார் மருத்துவமனையின் சமையலறையில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் பொறுப்பு டியூப் ஃபீட். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப்பில் ஊற்ற உணவு தயாரிக்க வேண்டும். பால், சர்க்கரை, கடைந்த பருப்பு, முட்டை, கொஞ்சம் எண்ணெய். மிக்ஸியில் அடித்து, திப்பி இல்லாமல் வடிகட்டி, 200 மில்லி வீதம் இரண்டு மணிக்கொரு தரம் வார்டுக்கு அனுப்புவார். அந்த நோயாளிக்கு மறுசோறு கிடையாது. ஆசையாக ஒரு வடை கிடையாது. "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோங்க" என்று நிற்க வீட்டம்மா கிடையாது. ஒரு நாளைக்கு 1,200 கலோரி என்று எழுதினால் 1,200தான் உள்ளே போகும். வாரக் கடைசியில் படுக்கையோடு எடை பார்த்தால் கணக்கு பெரும்பாலும் ஒத்துவரும். அளந்து கொடுத்த திரவ உணவு உடம்பை எப்படிப் பிடித்து நிறுத்துகிறது, எப்படி இறக்குகிறது என்பதை அவர் பாடப்புத்தகத்தைவிட அந்த வடிகட்டியில்தான் கற்றார்.

எடைக் குறைப்பு ஷேக்கின் பிறப்பும் நோயாளியின் படுக்கையருகில்தான் என்பது அவருக்குப் பின்னால் தெரிந்தது. அமெரிக்காவின் மீட் ஜான்சன் கம்பெனி, சாப்பிட முடியாத நோயாளிகளுக்கான சஸ்டாஜன் என்ற பானப்பொடியைப் போட்டுக்கொண்டிருந்தது. அதையே கொஞ்சம் மாற்றி, 1959இல் மெட்ரெகால் என்று பெயர் வைத்து, உடம்பு இளைக்க விரும்புகிறவர்களிடம் விற்றது. ஒரு நாளைக்கு நாலு டம்ளர், டம்ளருக்கு 225 கலோரி, மொத்தம் 900. உடம்பு தேறக் கொடுத்த பானம் உடம்பு இளைக்கவும் பயன்பட்டது. உள்ளே போன சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான், மாறியது அளவு.

அளவு சரியாக இருந்தும் சரக்கு சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே நாட்டில் ஒரு கதை உண்டு. "புரோட்டீன்தானே மேடம், அதுல என்ன கெடுதல்?" என்று கேட்கிறவர்களுக்காக ஆலோசகர் அதை வைத்திருக்கிறார். 1970களின் நடுவில் அங்கே திரவப் புரோட்டீன் மோகம் கிளம்பியது. மாட்டுத் தோலிலிருந்தும் தசைநாரிலிருந்தும் எடுத்த கொலாஜனைக் கரைத்து, இனிப்பும் வாசனையும் சேர்த்த பானம். சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் அதையே குடித்தார்கள். எடை மளமளவென்று இறங்கியது. 1977, 78இல் சாவுச் செய்திகள் வர ஆரம்பித்தன. சுமார் 60 பேர். பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றது. உடம்புக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் எல்லாம் கொலாஜனில் இல்லை. பொட்டாசியம் போன்ற தாதுக்களும் அந்தப் பானத்தில் போதவில்லை. இன்றைய ஷேக்குகளில் பால் அல்லது சோயா புரோட்டீனும், வைட்டமின், தாது வரிசையும் இருப்பதற்கு அந்த மரணங்களும் ஒரு காரணம்.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே கதை அவ்வளவு சோகமானதல்ல. 1988 நவம்பரில் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஒரு சிறு வண்டி நிறைய விலங்குக் கொழுப்பை இழுத்துக்கொண்டு வந்தார். 67 பவுண்டு, ஏறக்குறைய 30 கிலோ. நாலு மாதம் திரவ உணவிலேயே இருந்து தான் இறக்கிய எடை அவ்வளவு என்று காட்டினார். எடை திரும்ப ஏறத் தொடங்க அதிக நாள் ஆகவில்லை. அதையும் அவரே பின்னால் பலமுறை வெளிப்படையாகச் சொன்னார்.

ஆலோசகருக்குச் சொந்தமாக ஒரு தவறு உண்டு. அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

2012. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், 64 வயது, சர்க்கரை நோயாளி. இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் ஷேக் குடிக்கட்டுமா என்று கேட்டார். பதிலுக்குத்தானே, கூட இல்லையே என்று இவருக்குத் திருப்தி. என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் "மெட்ஃபார்மின்" என்றார். மெட்ஃபார்மின் தனியாகப் போட்டால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்குவது அபூர்வம். சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாலாம் நாள் விடிகாலை மூன்று மணிக்கு வாத்தியாருக்கு உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறி, கட்டிய மனைவியையே யாரென்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் பதறாமல் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். 48. சர்க்கரைத் தண்ணீர் கரைத்துப் புகட்டி, விடியும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார்.

மாத்திரை அட்டையைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அது மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த கூட்டு மாத்திரை. கிளிமிபிரைடு கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கும். மூன்று சப்பாத்தியை எதிர்பார்த்துச் சுரந்த இன்சுலினுக்கு 200 கலோரி ஷேக்தான் கிடைத்தது. ஆசிரியர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த பாதியைச் சொன்னார். அட்டையை வாங்கிப் பார்க்காதது தன் பிழை என்பார் ஆலோசகர். அதன்பின் மருந்துச் சீட்டும் மாத்திரை அட்டையும் இல்லாமல் அவர் யாருக்கும் ஒரு வேளை உணவைக்கூட மாற்றியதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர் என்றால் அவருடைய டாக்டரோடு பேசி அளவைக் குறைத்த பிறகுதான் ஷேக். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவரிடம் டப்பாவில் வைட்டமின் கே எவ்வளவு என்று பார்ப்பார். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு டப்பாவே வேண்டாம் என்று மூடிவிடுவார்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடம் அவர் ஷேக்குக்குக் கடும் எதிரி. யார் டப்பாவைக் கொண்டுவந்தாலும் "வீட்டுல இட்லி இல்லையா?" என்பார். அந்தப் பிடிவாதத்தை அசைத்தது 2017 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் வந்த டைரக்ட் ஆய்வு. கிளாஸ்கோவின் மைக்கேல் லீன், நியூகாசிலின் ராய் டெய்லர் இருவரும் நடத்தியது. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியிலும் இருந்த 49 குடும்ப மருத்துவமனைகளில், சர்க்கரை வந்து ஆறு ஆண்டுக்கு மேல் ஆகாதவர்கள் 298 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம்வரை நாள் முழுக்க ஷேக்கும் சூப்பும் மட்டும், சுமார் 825 முதல் 850 கலோரி. ஓராண்டு முடிவில் ஷேக் குடித்தவர்கள் சராசரியாக 10 கிலோ குறைந்திருந்தார்கள். மற்றவர்கள் ஒரே கிலோ. ஷேக் குடித்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை, நோய் எல்லைக்குக் கீழே வந்திருந்தது. மற்றவர்களில் 4 சதவீதம். இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. அதுவும் சாதாரண எண் அல்ல.

ஆய்வறிக்கையை அச்செடுத்து இரண்டு முறை படித்தார். இட்லி வசனத்தை அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆனால் பத்திரிகைத் துணுக்கைக் கத்தரித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்த அறிக்கையின் மீதிப் பக்கங்களை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஷேக் தொடங்கிய முதல் நாளே அங்கே சர்க்கரை மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் நிறுத்தியிருக்கிறார்கள், மருத்துவக் கண்காணிப்போடு. இன்சுலின் போடுகிறவர்களைச் சேர்க்கவே இல்லை. 20 வருடச் சர்க்கரையோடு, இரண்டு வேளை இன்சுலினோடு வந்து அந்தத் துணுக்கை நீட்டுகிறவரிடம் இதைச் சொல்வது சங்கடமான வேலை. அதைவிட முக்கியம், ஷேக்கை நிறுத்திய பிறகு நடந்தது. ஒரேயடியாகச் சாப்பாட்டுக்குத் திருப்பவில்லை. இரண்டு முதல் எட்டு வாரம் எடுத்துக்கொண்டு, படிப்படியாக ஷேக்கை விலக்கி உணவைக் கொண்டுவந்தார்கள். பிறகு மாதா மாதம் சந்திப்பு. எடை ஏறினால் மறுபடி சில வாரம் ஷேக். டப்பாவின் முதுகில் கலக்கும் முறை அச்சாகியிருக்கிறது. நிறுத்தும் முறை எந்த டப்பாவிலும் அச்சாகி அவர் பார்த்ததில்லை.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இன்னும் சின்னது. 23 ஆய்வுகளை, ஏறக்குறைய 7,900 பேரைச் சேர்த்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். வேறு வகை எடைக் குறைப்பு உணவுத் திட்டங்களோடு ஒப்பிட, உணவுக்குப் பதிலான ஷேக் திட்டத்தில் ஓராண்டு முடிவில் கூடுதலாகக் குறைந்தது 1.44 கிலோ. "ஒன்றரைக் கிலோ" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் டப்பாவின் விலையை மனதுக்குள் வகுத்துப் பார்ப்பது ஆலோசகருக்குத் தெரியும். வகுக்கட்டும்.

கல்யாணப் பெண்கள் தனி வகை. முகூர்த்தத்துக்கு 40 நாள் இருக்கும்போது வருவார்கள்; பிளவுஸ் தைக்கக் கொடுத்தாயிற்று, அளவு மாறவே கூடாது என்பதும் சேர்ந்துகொள்ளும். ஒரு பெண் யாரையும் கேட்காமல் மூன்று வேளையும் ஷேக் மட்டும் குடித்து ஏழு கிலோ இறக்கிவிட்டு, கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் அழுதுகொண்டே வந்தாள். கையில் டப்பா இல்லை, ஒரு காகிதத்தில் மடித்த முடிக் கற்றை. திடீரென்று உணவு குறைந்தால் முடி உடனே கொட்டாது. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும். அதற்குள் மறுவீடு, விருந்து, தலைதீபாவளி எல்லாம் முடிந்து ஐந்து கிலோ திரும்பியிருந்தது. முடி வளர்ந்துவிடும் என்று ஆலோசகர் ஆறுதல் சொன்னார், வளரவும் செய்தது. வேகமாக எடை இறக்கிய இன்னும் இருவருக்குப் பித்தப்பையில் கல் தெரிந்து அறுவை சிகிச்சைவரை போனது. அவசர எடைக் குறைப்பில் அது தெரிந்த ஆபத்துதான்.

பேட்டைக்குப் பேட்டை நடக்கும் 'கிளப்'களையும் ஒரு முறை எட்டிப் பார்த்தார். அதிகாலை ஆறு மணிக்கு ஒரு மாடியறை, சுவரில் இளைத்தவர்களின் முன்-பின் படங்கள், வரிசையாக நின்று எடை பார்க்கிறார்கள், டம்ளரில் ஷேக், ஒருவருக்கொருவர் கைதட்டல். கேலி செய்யத்தான் போனார். ஆனால் தினமும் எடை பார்ப்பதும், தெரிந்தவர்கள் நாலு பேர் "நேத்து என்ன சாப்பிட்டே?" என்று கேட்பதும் வேலை செய்யும் என்பதை அவரால் மறுக்க முடியவில்லை. தன் ஆலோசனை அறையில் 15 நாளுக்கு ஒருமுறை வருகிறவரைவிட அந்த மாடிக்கு தினம் வருகிறவருக்குக் கவனிப்பு அதிகம். ஆனால் அரைமணி நேரத்தில் ஒருவர்கூட இன்னொருவரிடம் என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. கீழே இறங்கும்போது அவருக்கு அந்தத் தமிழாசிரியர்தான் ஞாபகத்தில் இருந்தார்.

ஷேக் நன்றாகவே வேலை செய்த இடங்களும் உண்டு. தனியார் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி நர்ஸ் ஒருவர். இரவு ஒரு மணிக்குக் கேன்டீனில் பரோட்டா, சால்னா, அது தீர்ந்துவிட்டால் டீயும் பன் பட்டர் ஜாமும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வர நேரமில்லை, உட்கார்ந்து சாப்பிடப் பத்து நிமிடம் உறுதியில்லை. அவருக்கு ஆலோசகரே ஷேக்கைப் பரிந்துரைத்தார். அந்த ஒரு வேளை மட்டும், ஆவின் நீலப் பாக்கெட் பாலில், சர்க்கரை இல்லாமல். பச்சைக்கும் நீலத்துக்கும் 250 மில்லியில் 30 கலோரிக்கு மேல் வித்தியாசம். ஐந்து மாதத்தில் ஆறு கிலோ. பகல் சாப்பாடு எதையும் அவர் மாற்றவில்லை. 700 கலோரிப் பரோட்டா இருந்த இடத்தில் 250 கலோரி வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். இட்லி கிடைக்கிற இடத்தில் ஷேக்குக்குப் பெரிய வேலை இல்லை. பரோட்டா மட்டுமே கிடைக்கிற இடத்தில் இருக்கிறது.

குடித்துப் பசியாறுவது தமிழருக்குப் புதிதா என்ன? கூழும் கஞ்சியும் நீராகாரமும் இருந்த ஊர்தானே. "அப்போ சத்துமாவுக் கஞ்சியே குடிக்கலாமா?" என்று நிறையப் பேர் ஆசையோடு கேட்பார்கள். வீட்டுச் சத்துமாவில் பெரும்பகுதி தானியம். வெல்லமும் சேர்த்தால் அது எடை ஏற்றுகிற கஞ்சி, பிள்ளைகளுக்கு ஏற்றது. அதற்குப் பதில் அவர் சொல்லித்தருவது வேறு: நீலப் பாக்கெட் பால் 250 மில்லி, மைய அரைத்த பொட்டுக்கடலை 30 கிராம், ஒரு சிட்டிகை சுக்கு. ஏறக்குறைய 260 கலோரி, 14 கிராம் புரதம், செலவு 15 ரூபாயை ஒட்டி. டப்பா ஷேக் ஒரு வேளைக்கு நூறு ரூபாய் பக்கம் வரும். ஆனால் இதிலும் ஒரு நேர்மை வேண்டும் என்பார். டப்பாவில் இருக்கும் இரும்பு, அயோடின், வைட்டமின் வரிசை முழுதும் பொட்டுக்கடலையில் வராது. ஒரு வேளைக்கு இது தாராளம். மூன்று வேளைக்கும் இதையே குடித்தால் அது பட்டினி.

அண்மையில் நேபாளத்திலிருந்து ஒரு செய்தி படித்து மகிழ்ந்தார். அதே மைக்கேல் லீன் அங்குள்ள மருத்துவர்களோடு சேர்ந்து, வெளிநாட்டுப் பொடி இல்லாமல், அவர்கள் தினம் சாப்பிடும் பருப்புச் சோற்றையே 850 கலோரிக்கு அளந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார். சிறிய முதற்கட்ட ஆய்வுதான், இருந்தும் கணிசமானவர்களுக்குச் சர்க்கரை தணிந்திருக்கிறது. "பாத்தீங்களா, கரண்டிதான்" என்று அறைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திருப்பூர்க் கணக்கர் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தார், 91 கிலோவோடு. இந்த முறை முறைப்படி: ரத்தப் பரிசோதனை, டாக்டர் சம்மதம், எட்டு வாரம் காலையும் இரவும் ஷேக் மட்டும், மதியம் அளந்த சாப்பாடு. வாழைப்பழம், பேரீச்சை, தேன் கிடையாது. அதன்பின் நாலு வாரத்தில் முதலில் காலை இட்லி, பிறகு இரவுச் சாப்பாடு என்று ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒவ்வொன்றுக்கும் அளவுண்டு. சோற்றுக்கு டப்பாவிலிருந்த பிளாஸ்டிக் கரண்டி போதாது என்பதால் வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார்.

கடைசியாக வந்தபோது அவர் மனைவியும் கூட வந்திருந்தார். அந்த அம்மாளுக்குக் குறை.

"சோறு போடப் போனா தட்டு மேல கைய வெச்சு மறைச்சுக்கறாருங்க மேடம். கரண்டியோட அப்படியே நிக்கறேன். இருபது வருசத்துல இப்படிப் பண்ணதே இல்லீங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்குது."

ஆலோசகர் கணக்கரை எடை மெஷின்மேல் ஏறச் சொன்னார். 83.4. படிவத்தில் எழுதிக்கொண்டு, அந்த அம்மாள் பக்கம் திரும்பி, நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.